6146 டிரான்ஸ்மிட்டர்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிப்பது

பழைய வால்வு டிரான்ஸ்மிட்டர் மக்கர் செய்தால் எல்லோருக்கும் கை முதலில் வால்வின் மேல்தான் போகும். அறுபது வயதான செட்டில் வால்வு பெரும்பாலும் பிழைத்துக்கொண்டிருக்கும். அதைச் சுற்றியிருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கன்டென்சர் வறண்டிருக்கும், கார்பன் ரெசிஸ்டரின் மதிப்பு ஏறியிருக்கும், பேப்பர் கன்டென்சர் கசியும், பேண்ட் ஸ்விட்சின் காண்டாக்ட் கறுத்திருக்கும். புது வால்வு வாங்கிச் செருகுவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் (வால்வின் கரண்டை அடக்கி வைக்கும் நெகட்டிவ் வோல்ட்) கெட்ட செட்டில் செருகினால் அந்தப் புது வால்வும் ஒரு நிமிடத்தில் போய்விடும்.

இங்கே சொல்வது 1950, 60-களின் அமெரிக்க ஹாம் (அமெச்சூர் ரேடியோ) செட்களுக்குப் பொருந்தும்: கடைசிக் கட்டத்தில் பவர் கொடுக்கும் வால்வாக ஒரே ஒரு 6146, அதை ஆன்டெனாவுக்குப் பொருத்தும் பை-நெட்வொர்க் அவுட்புட், 80 மீட்டர் முதல் 10 மீட்டர் வரை. உதாரணத்துக்கு இரண்டு செட். ஒன்று ஹீத்கிட் டிஎக்ஸ்-60. மற்றது ஜான்சன் கம்பெனி 1954-ல் கொண்டுவந்த வைகிங் ரேஞ்சர். ஹீத்கிட் உதிரி பாகங்களாக விற்கப்பட்டது; வாங்கியவர் வீட்டில் உட்கார்ந்து சால்டர் செய்தது. அதனால் அதில் ஒரு கூடுதல் சந்தேகம் எப்போதும் வைத்திருக்க வேண்டும்: இந்த வயர் முதல் நாளிலிருந்தே தப்பான இடத்தில் இருக்கலாம், இந்த ஜாயின்ட் அன்றைக்கே சரியாக ஒட்டாமல் போயிருக்கலாம்.

கை வைக்கும் முன்

உள்ளே 600 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கிறது. ஸ்விட்சை அணைத்தாலும் ஃபில்டர் கன்டென்சரில் அது நிற்கும். அதை வடிக்க வேண்டிய ப்ளீடர் ரெசிஸ்டர் உள்ளே அறுந்திருந்தால் மணிக்கணக்கில் நிற்கும். ஒரு பிளாஸ்டிக் குழாயின் முனையில் 1 கிலோ ஓம், 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டரைக் கட்டி, ஒரு பக்கத்தை கிளிப் வயரால் சேசிஸில் பிடித்து, மறு பக்கத்தை ஒவ்வொரு ஃபில்டர் கன்டென்சரின் மேலும் சில விநாடிகள் வையுங்கள். பிறகு மீட்டரால் பாருங்கள். பிறகு நேராக ஷார்ட் செய்யுங்கள். மூன்றும் வேண்டும்.

எச்.டி. (அந்த உயர் வோல்ட் டிசி) அளக்கும்போது 1000 வோல்ட் டிசி தாங்கும் மீட்டர், அதே அளவு தாங்கும் லீடு. செட்டை அணைத்து, லீடுகளை கிளிப்பால் மாட்டி, கையை எடுத்த பிறகு ஆன் செய்யுங்கள். 6146-இன் தலையில் இருக்கும் மூடிதான் பிளேட், அதாவது பவர் வெளியே வரும் முனை. அதில் முழு எச்.டி.யும் ஆர்.எஃப்.பும் (ரேடியோ அலைவரிசை மின்சாரம்) ஒன்றாக இருக்கும்.

நம் ஊரில் இந்த செட்களுக்கு இன்னொரு சிக்கல். இவை 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தவை. கடையில் மலிவாகக் கிடைக்கும் 230/110 ஸ்டெப்-டவுன் பல ஆட்டோ டிரான்ஸ்பார்மர், லைனிலிருந்து பிரிக்காது. பிளக் புரண்டாலோ நியூட்ரல் விட்டாலோ செட்டுக்குள் முழு 230 வோல்ட்டும் சேசிஸைப் பார்த்து நிற்கும். தனி பிரைமரி, தனி செகண்டரி உள்ள 300 விஏ டிரான்ஸ்பார்மரே வேண்டும். 50 ஹெர்ட்ஸில் செட்டின் டிரான்ஸ்பார்மர் கோர் கூடுதலாகச் சூடாகும். அதனால் 120-ஐ விட 110 வோல்ட் கொடுப்பது நல்லது. 110-ல் 6.3 வோல்ட் ஹீட்டர் ஏறத்தாழ 5.9-க்கு இறங்கும், பத்து சதவீத வரம்பு 5.67 வரை இருப்பதால் பரவாயில்லை.

இரண்டு கம்பி பவர் கார்டை வெட்டி எறிந்து எர்த் உள்ள மூன்று கம்பி போடுங்கள். லைனிலிருந்து சேசிஸுக்குப் போட்ட 0.005 அல்லது 0.01 மைக்ரோஃபாரட் டிஸ்க் கன்டென்சர்களை எடுத்துவிட்டு ஒய்2 முத்திரை (லைனுக்கும் சேசிஸுக்கும் நடுவே போடத் தகுந்தது) உள்ளதைப் போடுங்கள். பழையது ஷார்ட் ஆனால் சேசிஸே லைன் ஆகிவிடும்.

பவர் போட்டதும் பியூஸ் போகிறது

பெரிய பியூஸ் போட்டுப் பார்க்காதீர்கள். ஸ்டெப்-டவுனுக்கு முன்னால், 230 வோல்ட் பக்கத்தில், 60 வாட் குண்டு பல்பைத் தொடராக இணையுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு பளீரென்று எரிந்து அப்படியே நின்றால் ஷார்ட். ஒரு கணம் எரிந்து மங்கினால் ஹீட்டரும் கன்டென்சரும் கரண்ட் எடுத்து அடங்கிவிட்டன என்று பொருள்.

ரெக்டிஃபையர் வால்வு (ஏசியை டிசி ஆக்குவது) உள்ள செட்டில் அதைக் கழற்றிவைத்துவிட்டு மறுபடி பவர் போட்டுப் பாருங்கள். பல்பு மங்கினால் பழுது எச்.டி. பக்கம்: ஃபில்டர் கன்டென்சர், பைபாஸ் கன்டென்சர், இல்லை ரெக்டிஃபையரே. மங்காவிட்டால் ஹீட்டர் வயரிங், லைன் கன்டென்சர், டிரான்ஸ்பார்மர். செகண்டரி எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் பல்பு பளீரென எரிந்தால் டிரான்ஸ்பார்மரில் சுற்று ஷார்ட். அதற்குக் கைமருந்து கிடையாது, திரும்பச் சுற்றத்தான் வேண்டும்.

சிலிக்கான் டயோடு உள்ள செட்டில் டயோடுகளை ஒரு கால் தூக்கி அளந்து பாருங்கள். ஒன்று போயிருந்தாலும் அத்தனையையும் 1என்4007 ஆக மாற்றிவிடுவது நல்லது. விலை ஒன்றும் இல்லை.

வேரியாக்கால் (வோல்ட்டை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்பார்மர்) மெதுவாக ஏற்றி பழைய எலக்ட்ரோலிட்டிக்கை உயிர்ப்பிக்கலாம் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. வால்வு ரெக்டிஃபையர் செட்டில் இது ஏமாற்று வேலை. ரெக்டிஃபையரின் ஃபிலமென்ட் போதிய சூடு அடையும் வரை எச்.டி. பூஜ்யம்தான், அடைந்ததும் ஒரே தாவலில் பாதிக்கு மேல் வந்துவிடும். கன்டென்சருக்கு மெதுவாக எதுவும் நடந்திருக்காது. எங்கள் கருத்து: எலக்ட்ரோலிட்டிக்கை மாற்றிவிடுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 47 அல்லது 100 மைக்ரோஃபாரட், 450 வோல்ட், 105 டிகிரி கன்டென்சர் கிடைக்கும்.

இரண்டு கன்டென்சர் தொடராக இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றின் குறுக்கேயும் சமப்படுத்தும் ரெசிஸ்டர் இருக்கும். கன்டென்சரை மாற்றும்போது அதையும் மாற்றுங்கள். பழைய ரெசிஸ்டர் ஒன்று 100-லிருந்து 180 கிலோ ஓமுக்கு ஏறியிருந்தால் அதன் பக்கத்துக் கன்டென்சர் தன் பங்குக்கு மேல் வோல்ட் வாங்கி வெடிக்கும். 350 வோல்ட்டில் 100 கிலோ ஓம் 1.2 வாட் எரிக்கும். 3 வாட் ரெசிஸ்டர் போடுங்கள். வால்வு ரெக்டிஃபையருக்கு அடுத்த முதல் கன்டென்சரை மட்டும் பெரிதாக்காதீர்கள். ஆன் செய்யும் கணத்தில் ரெக்டிஃபையர் தீப்பொறி விடும்.

ஹீட்டர் எரிகிறது, எச்.டி. இல்லை அல்லது பாதிதான்

முற்றிலும் இல்லையென்றால் முதலில் ஸ்டாண்ட்பை ஸ்விட்ச். பல செட்களில் அது டிரான்ஸ்பார்மரின் நடு டேப்பை வெட்டும், காண்டாக்ட் கருகியிருக்கும். அடுத்தது சோக், அதன் இரு முனையிலும் வோல்ட் பாருங்கள். பாதி என்றால், வோல்ட்டை இரட்டிக்கும் டபுளர் சர்க்யூட் உள்ள செட்டில் ஒரு பக்க டயோடோ கன்டென்சரோ போய்விட்டது. காதால் கூடத் தெரியும்: ஹம் 100 ஹெர்ட்ஸுக்குப் பதில் 50 ஹெர்ட்ஸில் கனமாக இருக்கும்.

கிரிட் கரண்ட் வரவில்லை

பழுது பார்ப்பதில் பாதி நேரம் இங்கேதான் போகும், போகவும் வேண்டும். கிரிட் என்பது 6146-க்குள் சிக்னல் நுழையும் முனை; முந்தைய கட்டங்கள் தரும் அந்த சிக்னல்தான் டிரைவ். 6146-க்கு 2 முதல் 3 மில்லியாம்ப் கிரிட் கரண்ட் வந்தால்தான் அடுத்த அடி எடுத்து வைக்கலாம். அது வராமல் பிளேட்டை ட்யூன் செய்ய உட்காருவது வால்வைக் கொல்வது.

முதலில் மீட்டரையே சந்தேகப்படுங்கள். ஒரே மீட்டர் ஸ்விட்ச் வழியாக கிரிட்டையும் பிளேட்டையும் காட்டும் செட்களில் அந்த ஸ்விட்சும் ஷன்ட் ரெசிஸ்டரும் கெடுவது சகஜம். சோதிக்க எளிய வழி, கிரிட் லீக் ரெசிஸ்டரின் குறுக்கே டிசி வோல்ட் அளப்பது. ரெசிஸ்டர் 22 கிலோ ஓம், அதில் 55 வோல்ட் என்றால் கரண்ட் 2.5 மில்லியாம்ப். டிரைவ் சரியாக வருகிறது, பொய் சொல்வது மீட்டர்.

உண்மையிலேயே இல்லையென்றால், எல்லா பேண்டிலும் இல்லையா, ஒரு பேண்டில் மட்டும் இல்லையா?

எல்லா பேண்டிலும் இல்லையென்றால் ஆஸிலேட்டரிலிருந்து தொடங்குங்கள். பக்கத்தில் ஒரு ரிசீவரை வைத்து கிரிஸ்டல் அலைவரிசையில் கேளுங்கள். ஒன்றும் கேட்கவில்லையென்றால் வேறு கிரிஸ்டல். எஃப்டி-243 கூட்டில் இருக்கும் பழைய கிரிஸ்டல்கள் மூன்று திருகைக் கழற்றினால் திறக்கும். உள்ளே இரண்டு உலோகத் தகட்டுக்கு நடுவில் சிறு குவார்ட்ஸ் சில்லு, அழுத்தத்தில் நிற்கும். ஓரத்தை மட்டும் பிடித்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, தூசு இல்லாமல் காயவைத்து, அதே வரிசையில் திரும்பக் கோர்த்தால் பல கிரிஸ்டல் பிழைத்துக்கொள்ளும். விரல் முகத்தில் பட்டால் திரும்பக் கழுவ வேண்டியதுதான்.

கிரிஸ்டல் நல்லதாக இருந்தும் ஆஸிலேட்டர் ஓடவில்லையென்றால் ஆஸிலேட்டர் வால்வான 6சிஎல்6-இன் ஸ்கிரீனுக்கு (கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவிலுள்ள இரண்டாவது கிரிட்) போகும் ரெசிஸ்டரை ஒரு கால் தூக்கி அளந்து பாருங்கள். கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர் வயதானால் மதிப்பு ஏறும். 22 கிலோ ஓம் 35 ஆகியிருந்தால் ஸ்கிரீன் பட்டினி கிடக்கும். 20 சதவீதத்துக்கு மேல் ஏறிய எதையும் மாற்றுங்கள்.

ஒரு பேண்டில் மட்டும் இல்லையென்றால் அந்த பேண்டின் காயில் (கம்பிச் சுருள்) அல்லது பேண்ட் ஸ்விட்ச்தான் காரணம். ஸ்விட்சுக்குக் காண்டாக்ட் கிளீனரை டப்பாவிலிருந்து நேராகப் பீய்ச்சாதீர்கள். ஃபீனாலிக் தகடு அதைக் குடித்துவிட்டுக் கசியும், பிறகு எச்.டி. உள்ள இடத்தில் கருகும். பல் குத்தும் குச்சியின் நுனியில் ஒரு துளி எடுத்துக் காண்டாக்டில் மட்டும் வைத்து, ஸ்விட்சை இருபது தரம் திருப்புங்கள்.

10 மீட்டரில் மட்டும் கிரிட் கரண்ட் குறைந்தால் பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். 7 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை நான்கால் பெருக்கித்தான் 28 வருகிறது. பெருக்கும்போதெல்லாம் டிரைவ் குறையும். 2 மில்லியாம்ப் எட்டினால் போதும்.

மோர்ஸ் கீயை விட்ட பிறகும் பிளேட் கரண்ட், அல்லது பிளேட் சிவக்கிறது

உடனே அணையுங்கள். 6146-இன் பிளேட் தாங்குவது அமெச்சூர் உபயோகத்தில் 25 வாட். 6146பி என்றால் 35. சிவப்புத் தெரிகிறது என்றால் அதைத் தாண்டியாயிற்று.

முதல் சந்தேகம் டிரைவரிலிருந்து 6146-இன் கிரிட்டுக்கு வரும் கப்ளிங் கன்டென்சர். அது கசிந்தால் டிரைவரின் பிளேட் வோல்ட் கிரிட்டுக்குள் ஊறும். சோதனை: 6146-ஐக் கழற்றி, கிரிஸ்டலை எடுத்துவிட்டு, ஆன் செய்து சாக்கெட்டின் 5-ஆம் பின்னில் வோல்ட் பாருங்கள். நெகட்டிவோ பூஜ்யமோ இருக்க வேண்டும். பாசிட்டிவாக 2 வோல்ட் இருந்தாலும் அந்தக் கன்டென்சரை மாற்றுங்கள். 1000 வோல்ட் மைக்கா அல்லது செராமிக்.

இரண்டாவது, பயாஸ் சப்ளை. பல செட்களில் இதற்குத் தனியாக ஒரு சிறு செலீனியம் ரெக்டிஃபையரும் எலக்ட்ரோலிட்டிக்கும் இருக்கும். இரண்டும் போயே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். செலீனியத்தைச் சிலிக்கான் டயோடாக மாற்றினால் வோல்ட் கொஞ்சம் ஏறும். தொடரில் ஒரு ரெசிஸ்டர் போட்டு சர்க்யூட்டில் எழுதியிருக்கும் எண்ணுக்கு இறக்குங்கள். கன்டென்சரின் பாசிட்டிவ் முனைதான் இங்கே சேசிஸுக்குப் போகும். பழக்கதோஷத்தில் தலைகீழாக வைத்துவிடுவார்கள்.

கீ அழுத்தியிருக்கும்போது மட்டும் சிவக்கிறது, கிரிட் கரண்டும் சரியாக இருக்கிறது என்றால் ட்யூனிங்கைப் பாருங்கள். பிளேட் கன்டென்சரைச் சுற்றினால் ஒரே பேண்டில் இரண்டு இடத்தில் டிப் (பிளேட் கரண்ட் சட்டென்று இறங்கும் புள்ளி) கிடைக்கலாம். ஒன்று சரியான பேண்டு, மற்றது ஹார்மானிக் (அந்த அலைவரிசையின் மடங்கு). டிப் இல்லாமல் மூன்று நான்கு விநாடிக்கு மேல் கீயை அழுத்தி வைக்காதீர்கள். 80 மீட்டரில் மட்டும் டிப் வரவில்லையென்றால், அந்த பேண்டில் மட்டும் பக்கவாட்டில் சேரும் நிலையான பேடர் கன்டென்சர் வெடித்திருக்கிறதா, ஸ்விட்சில் சேருகிறதா என்று பாருங்கள்.

இதே இடத்தில் ஒரு உயிர் காக்கும் சோதனை. பிளேட்டுக்கும் பை-நெட்வொர்க்குக்கும் நடுவிலுள்ள பிளாக்கிங் கன்டென்சர் ஷார்ட் ஆனால் முழு எச்.டி. ஆன்டெனாவில் ஏறும். அதைத் தடுக்கத்தான் அவுட்புட் சாக்கெட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவில் 2.5 மில்லிஹென்ரி சோக் ஒன்று இருக்கும். ஷார்ட் ஆனால் அது எச்.டி.யைத் தரைக்கு இழுத்து பியூஸை எரித்துவிடும். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, செட் அணைந்த நிலையில், சாக்கெட்டின் நடு பின்னிலிருந்து சேசிஸுக்கு ஓம் பாருங்கள். சில பத்து ஓம் காட்ட வேண்டும். திறந்திருந்தால் சோக் அறுந்திருக்கிறது அல்லது யாரோ எடுத்துவிட்டார்கள். அதைப் போடாமல் ஆன்டெனாவை மாட்டக் கூடாது.

டிப் நன்றாக இருக்கிறது, பவர் குறைவு

முதலில் கணக்கைச் சரிபாருங்கள். டிஎக்ஸ்-60-க்கு எழுதியிருக்கும் 90 வாட், ரேஞ்சருக்கு எழுதியிருக்கும் 75 வாட், எல்லாம் 6146-க்கு உள்ளே போகும் டிசி. 600 வோல்ட், 150 மில்லியாம்ப், 90 வாட். வெளியே டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் ரெசிஸ்டர்) 7 மெகாஹெர்ட்ஸில் அதில் மூன்றில் இரண்டு பங்கு வந்தால் செட் ஆரோக்கியமாக இருக்கிறது. 28-ல் பாதிக்குக் கொஞ்சம் மேல் வந்தாலும் குறை சொல்ல முடியாது. 90 வாட் வரவில்லை என்று இரண்டு மூன்று வால்வு வாங்கிப் போட்டவர்கள் நிறைய.

உண்மையிலேயே குறைவு என்றால் 3-ஆம் பின்னில் ஸ்கிரீன் வோல்ட். டிராப்பிங் ரெசிஸ்டர் ஏறியிருக்கலாம். டிரைவ் நின்றால் 6146-ஐக் காப்பாற்ற ஸ்கிரீனை இழுத்துப் பிடிக்கும் கிளாம்ப் வால்வு சில செட்களில் உண்டு. கிளாம்பின் கிரிட்டுக்குப் போகும் நெகட்டிவ் வோல்ட் வரும் ரெசிஸ்டர் அறுந்தால் அது எப்போதும் ஸ்கிரீனை அமுக்கிக்கொண்டே இருக்கும். கிளாம்பைக் கழற்றிவிட்டு ஒரு கணம் கீ அழுத்திப் பாருங்கள். பவர் எழும்பினால் பழுது அங்கே. டிரைவ் இல்லாத நேரத்தில் அதைக் கழற்றிவைத்து ஓட்டாதீர்கள்.

பிளேட் கரண்ட் டிப் ஆகும் புள்ளியும் பவர் உச்சமாகும் புள்ளியும் வேறு வேறு இடத்தில் வந்தால், அல்லது டிப்பைத் தாண்டும்போது கிரிட் கரண்ட் துள்ளினால், நியூட்ரலைசேஷன் (பிளேட்டிலிருந்து கிரிட்டுக்குத் திரும்பும் சிக்னலை ரத்து செய்யும் ஏற்பாடு) விலகிவிட்டது. 6146-ஐ 6146பி ஆக மாற்றிய பிறகு இது அடிக்கடி நடக்கும். சரி செய்ய: 6146-இன் பிளேட், ஸ்கிரீன் இரண்டுக்கும் வரும் டிசியைப் பிரித்துவையுங்கள், பிரித்த முனைகளுக்கு டேப் சுற்றுங்கள். 21 அல்லது 28 மெகாஹெர்ட்ஸில் முழு கிரிட் கரண்ட் கொடுங்கள். அவுட்புட்டில் டம்மி லோடு, அதன் மேல் ஆஸிலாஸ்கோப் அல்லது ஆர்.எஃப். புரோப். பிளேட் ட்யூனிங்கில் உச்சம் தேடி, பிறகு நியூட்ரலைசிங் கன்டென்சரைப் பிளாஸ்டிக் திருகுளியால் திருப்பிக் குறைந்தபட்சத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தால் இன்னும் இறங்கும்.

பிளேட் மூடிக்குப் போகும் வயரில் ஒரு ரெசிஸ்டரின் மேல் சில சுற்று கம்பி சுற்றியிருக்கும். விஎச்எஃப்பில் தானாக ஆடுவதைத் தடுப்பது அதுதான். உள்ளேயிருக்கும் 47 அல்லது 100 ஓம் ரெசிஸ்டர் கருகியிருந்தால் இண்டக்டன்ஸ் இல்லாத ரெசிஸ்டரையே திரும்பப் போடுங்கள். வயர்வவுண்ட் ஆகாது.

கீயிங் சரியில்லை

கீயை அழுத்தும்போது ஸ்வரம் வழுக்கினால் ஆஸிலேட்டரின் சப்ளை சரிகிறது. ஓஏ2 ரெகுலேட்டர் உள்ள செட்டில் கீ அழுத்தியபோதும் அது ஊதா ஒளியோடு 150 வோல்ட் காட்ட வேண்டும். ஒளி அணைந்தால் ஓஏ2-வைக் குற்றம் சொல்வதற்கு முன் அதற்கு மேலே இருக்கும் தொடர் ரெசிஸ்டரை அளந்துவிடுங்கள்.

டிஎக்ஸ்-60 கிரிட்-பிளாக் கீயிங் (கிரிட்டுக்கு நெகட்டிவ் வோல்ட் கொடுத்து வால்வை அடைப்பது). கீயைத் திறந்தால் அதன் முனையில் நெகட்டிவ் வோல்ட் இருக்கும். இன்றைய எலக்ட்ரானிக் கீயர் பெரும்பாலும் பாசிட்டிவுக்கே செய்திருப்பார்கள்; நேரே மாட்டினால் அதன் டிரான்சிஸ்டர் போகும். கேத்தோடு கீயிங் உள்ள செட்டில் இன்னும் மோசம். திறந்த கீயின் இரு முனைக்கு நடுவில் கையை உதறவைக்கும் அளவு வோல்ட் நிற்கும். நடுவில் ஒரு சிறு ரிலே வைத்துவிட்டால் கீயருக்கும் நல்லது, விரலுக்கும் நல்லது.

ஏஎம்-இல் கேரியர் எழும்பவில்லை, பேச்சு கேட்கவில்லை

டிஎக்ஸ்-60-ஐக் குரல் அனுப்பும் ஏஎம்-இல் போட்டதும் பிளேட் மீட்டர் பாதிக்கும் கீழே படுத்துவிடும். பலர் அதைப் பழுது என்று அவிழ்த்துவிடுகிறார்கள். அது கன்ட்ரோல்டு கேரியர் முறை; கேரியர் என்பது குரலைச் சுமக்கும் அலை. 6டிஇ7 மாடுலேட்டர் 6146-இன் ஸ்கிரீனை ஆட்டுகிறது. பேசினால்தான் கேரியர் ஏறும், மீட்டரும் ஏறும். ரேஞ்சரில் இது நேர்மாறு. இரண்டு 1614 வால்வுகள் மாடுலேஷன் டிரான்ஸ்பார்மர் வழியாகப் பிளேட்டை மாடுலேட் செய்கின்றன. பேசும்போது பிளேட் மீட்டர் அசையாமல் நிற்க வேண்டும். கீழே விழுந்தால் டிரைவ் போதவில்லை, அல்லது 6146 சோர்ந்துவிட்டது.

ரேஞ்சர் போன்ற செட்டில் 6146 லோடாகாமல் இருக்கும்போது மைக்கில் பேசாதீர்கள். லோடு இல்லாத மாடுலேஷன் டிரான்ஸ்பார்மரில் வோல்ட் எகிறி உள்ளே பொறி பறக்கும். அது போனால் மாற்றுக் கிடைப்பது குதிரைக்கொம்பு.

பேச்சே வரவில்லையென்றால் மைக்கைப் பாருங்கள். இந்த செட்கள் ஹை-இம்பீடன்ஸ் கிரிஸ்டல் மைக்குக்குச் செய்தவை. உள்ளிருக்கும் ரோஷெல் உப்பு, சூட்டிலும் ஈரக்காற்றிலும் கரைந்து செத்துப்போகும். கடற்கரை ஊரில் வைத்திருந்த கிரிஸ்டல் மைக் உயிரோடு இருந்தால் அது அதிசயம். செராமிக் மைக் மாட்டினால் தீர்ந்தது. பேச்சோடு ஹம் சேர்ந்து வந்தால் மைக் சிக்னலைப் பெருக்கும் 12ஏஎக்ஸ்7 வால்வின் கேத்தோடு பைபாஸ் எலக்ட்ரோலிட்டிக்கை மாற்றுங்கள். பிறகும் இருந்தால் அந்த 12ஏஎக்ஸ்7-இல் ஹீட்டரும் கேத்தோடும் கசிகின்றன, அங்கே வால்வு மாற்றுவது நியாயம். சில பேண்டில் மட்டும் பேச்சு கரகரத்துக் கூவினால் ஆர்.எஃப். மைக்குக்குள் திரும்பி வருகிறது. முதல் 12ஏஎக்ஸ்7-இன் கிரிட் பின்னிலேயே ஒட்டி 47 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராகவும், அதே பின்னிலிருந்து சேசிஸுக்கு 100 பிகோஃபாரட் செராமிக்கும் போடுங்கள். ரெசிஸ்டரின் கால் ஒரு சென்டிமீட்டர் நீண்டாலும் அதுவே ஏரியல் ஆகிவிடும்.